மாயன் காட்டுக்குள் ஒரு ஒலிபெருக்கி

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றோம். மார்ச் கடைசி — பாதி பனி, பாதி சேறு. சப்பாத்தை எங்கே வைப்பது என்று எல்லாரும் நிலத்தைப் பார்த்தபடியே கதைக்கிற காலம். றீற்றா அக்கா மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்தா.

"என்ன ஜசிந்தா, நல்லாய்க் கறுத்துப்போனீர். மெக்சிகோ எப்பிடி?"

நான் வாய் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"திறமான இடம் அக்கா. கடல், சாப்பாடு எல்லாம் திறம். மாயன் ஆக்கள் கட்டின கோபுரமும் பாத்தனாங்கள்."

"பயமில்லையோ அங்கை? காடு, கள்ளர் எண்டெல்லாம் சொல்லுகினம்."

"சீச்சீ. ஒரு பயமும் இல்லை."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன்.

ஒரு பயமும் இல்லையாம்...

இரண்டு கிழமையாக, நான் எழுதுகிற இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் வீட்டுக்குப் போன் எடுத்து விசாரித்தீர்கள். சுகமாகத்தான் இருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். கோயில் வாசலில் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். றீற்றா அக்காவும் இதை வாசிப்பா என்பது எனக்குத் தெரியும்.

எங்களைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நான் மொன்றியலில், லாசால் பக்கத்தில், ஒரு கார்டெரியில் — பிள்ளைகள் காப்பகத்தில் — வேலை செய்கிறேன்; நாள் முழுக்க சின்னப் பிள்ளைகளும் பிரெஞ்சும்தான். இவர் — அன்ரன் — சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் வேலை. குளிர்காலம் வந்தால் கெபெக் சனமெல்லாம் வெயில் தேடித் தெற்கே பறக்கும். நாங்கள் ரொறன்ரோவுக்குப் போவோம், யாருடையதாவது கலியாணவீட்டுக்கு. இந்த முறை எங்கள் இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று மகள் டிக்கெட் எடுத்துக் கையில் தந்துவிட்டாள். ஒரு கிழமை மெக்சிகோ. கடற்கரை ஹோட்டல். கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டி கட்டிவிடுவார்கள். அதைக் காட்டினால் சாப்பாடு, தேத்தண்ணி, குளிர்பானம், எல்லாம்.

ஐந்தாம் நாள் ஒரு சுற்றுலா. காலையில் மாயன் இடிபாடுகள், மத்தியானம் ஒரு மாயன் கிராமத்தில் சாப்பாடு, பின்னேரம் காட்டுக்குள் குளியல். விடிய ஐந்தரைக்கே ஏற்றிவிட்டார்கள். இரண்டு வெள்ளை வான்கள்: ஒன்று ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு, மற்றது பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு. இவருக்கு ஆங்கிலம்தான் வாய்க்கு வரும் என்பதால் நாங்கள் ஆங்கில வான். வழிகாட்டியின் பெயர் எலியாஸ். தானே மாயன்காரர். கட்டையான, அமைதியான மனிதர்.

கோபா என்ற இடம். காட்டுக்குள் நடந்து நடந்து போனால் திடீரென்று மரங்களுக்கு மேலே ஒரு கல் மலை. மனிதர்கள் கட்டிய மலை. நூற்றுக்கு மேலே படி. படி என்று சொல்லக்கூடாது, ஒன்றுக்கொன்று பொருந்தாத கற்கள். நடுவில் ஒரு தடித்த கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு ஏறவேண்டும்.

இவர் தொப்பியை இறுக்கிக்கொண்டார். போன வருடம்தான் இவருடைய நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது.

"ஏறாதேங்கோ. டொக்டர் என்ன சொன்னவர்?"

"நடக்கச் சொன்னவர்."

"நடக்கத்தானே சொன்னவர். ஏறச் சொன்னவரோ?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு வெட்கம் வந்துவிட்டது போல. வெட்கம் வந்தால் இவர் பகிடி விடுவார். அவர்களைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "என் மனைவிக்கு எல்லாத்துக்கும் பயம். லிஃப்டுக்குப் பயம். நாய்க்குப் பயம். மெட்ரோவில் எஸ்கலேட்டருக்கும் பயம்."

எல்லாரும் சிரித்தார்கள். அது பொய்யாக இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இவர் ஏறினார். நான் கீழே நின்று அந்த நீலத் தொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தது. ஜெபமாலை பையில், பை வானில். விரல்களில் எண்ணி எண்ணிச் சொன்னேன். எத்தனை முறை என்று நினைவில்லை. பிறகு எழும்பி மேலே போனார், உச்சியில் நின்று கையசைத்தார். நான் கையசைக்கவில்லை. இறங்கும்போது ஒவ்வொரு கல்லாக இருந்து இருந்து, நகர்ந்துகொண்டு வந்தார். முக்கால் மணித்தியாலம்... நான் கீழே நின்ற இடத்தில் மண் குழிந்திருக்கும்.

வந்து நின்றார். முகம் சாம்பல் நிறம், வாயில் சிரிப்பு.

"பாத்தீரோ? ஒண்டும் நடக்கேல்லை."

நான் அவரைத் தாண்டி நடந்து வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தேன். பிரெஞ்சு வானின் வழிகாட்டிப் பெண்ணிடம், "உங்கள் வானில் ஒரு இடம் இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டேன். இருந்தது. ஏறி இருந்தேன். யன்னலுக்கு வெளியே இவர் என்னைப் பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டுத் தன் வானில் ஏறினார்.

வீட்டில் கோபம் வந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன், இவர் கராஜுக்குள். மெக்சிகோவில் குசினியும் கராஜும் இல்லை... இரண்டு வான் இருந்தது. இதுதான் நடந்தது. இதற்குப் பிறகு நடந்த எதற்கும் வேறு ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது.

கிராமம் அரை மணித்தியால ஓட்டம். ஓலைக் கூரை, கம்பு அடைத்த சுவர், முற்றத்தில் கோழிகள். ஒரு நீளக் கொட்டிலில் மேசை போட்டுச் சாப்பாடு. நான் கெபெக்காரர்களோடு ஒரு கரையில், இவர் மற்றக் கரையில். சாப்பிட்டு முடிய, "நாற்பது நிமிடம் சுற்றிப் பாருங்கள்" என்றார்கள்.

கொட்டிலில் பூவேலை செய்த சட்டைகளை விரித்து வைத்துக்கொண்டு சில பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி என்னை விடாமல் பார்த்தாள். முப்பது வயது இருக்கும். என் உயரம்தான், என் நிறம்தான். எழும்பி வந்து ஒரு வெள்ளைச் சட்டையை என் தோளில் வைத்துப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள். தன் நெஞ்சைத் தொட்டு, "மார்செலினா" என்றாள். நான் வெறுமனே தலையாட்டினேன். பெயர் சொல்லிக்கொள்கிற மனநிலையில் நான் இல்லை.

அவளுடைய வீடு கொஞ்சம் தள்ளி. சட்டையைப் போட்டுப் பார்க்கும்படி உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். போட்டேன். உள்ளே இருட்டு, குளிர்மை. இரண்டு தூக்குப் படுக்கைகள் கட்டியிருந்தன; அங்கே எல்லாருக்கும் கட்டில் அதுதான். இரு என்று கையால் காட்டிவிட்டு அவள் கொட்டிலுக்கு ஓடினாள். வேறு யாரோ சட்டை கேட்டிருக்க வேண்டும்.

நான் இருந்தேன். விடிய நாலரைக்கு எழும்பிய உடம்பு. பயந்து, கோபப்பட்டு, வயிறு நிறையச் சாப்பிட்ட உடம்பு. காலை மேலே எடுத்து வைத்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது என்னை எழுப்பியது சத்தமில்லை. சத்தம் இல்லாததுதான் எழுப்பியது. ஆங்கிலம் இல்லை, பிரெஞ்சு இல்லை, கமரா கிளிக் இல்லை. ஒரு கோழி மட்டும்.

வெளியே ஓடினேன். கொட்டில் வெறுமை. மேசைகளைத் துடைத்து அடுக்கியாகிவிட்டது. வான்கள் நின்ற இடத்தில் டயர்த் தடம். மணி மூன்றரை தாண்டியிருந்தது.

எப்படி விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்பீர்கள். பிறகு தெரிந்தது. பிரெஞ்சு வானின் பட்டியலில் பதினொரு பேர். பதினொரு பேரும் ஏறியிருந்தார்கள். நான் என் வானுக்கே திரும்பிப் போய்விட்டேன் என்று அந்தப் பெண் நினைத்தாள். ஆங்கில வானில் ஓர் இடம் காலி. எலியாஸ் இவரிடம், "உங்கள் மனைவி?" என்று கேட்டிருக்கிறார். இவர் திரும்பிப் பார்க்காமலே, "மற்ற வானில்" என்றிருக்கிறார். என் கைப்பை இவர் காலடியில் கிடந்திருக்கிறது.

எனக்கு அப்போது இதொன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் காட்டுக்குள் ஒரு கிராமத்தில் நிற்கிறேன். கிராமத்தின் பெயர் தெரியாது. மொழி தெரியாது. பை இல்லை. பாஸ்போட் ஹோட்டலில். இவருடைய செல்போன் கனடாவைத் தாண்டினால் வெறும் மணிக்கூடு. அதன் இலக்கமும் எனக்குப் பாடமில்லை. ஹோட்டல் இலக்கமும் தெரியாது.

மார்செலினா கொட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு பானையோடு வந்தாள். என்னைக் கண்டதும் பானையை நிலத்தில் வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் போய்விட்டேன் என்றே அவள் நினைத்திருக்கிறாள். ஓடி வந்து என் கையைப் பிடித்து, பட்டியைத் திருப்பி அதில் இருந்த ஹோட்டல் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஏதோ சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

திரும்பி வரும்போது ஒரு ஆணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய புருஷனாக இருக்கவேண்டும். மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தான். முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கு நடுவே மரப் பெட்டி. பெட்டிக்குள் சாக்கு, சாக்கின் மேலே முழங்கை நீளத்தில் ஒரு வெட்டுக்கத்தி. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஆண்கள் வந்து வேலியில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தார்கள்.

அவன் சாக்கைத் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தட்டினான். ஏறு என்கிறான்.

"கசேத்தா," என்றான். "கசேத்தா, கசேத்தா." கையை நீட்டிக் காட்டினான்.

கசேத்தா என்றால் என்ன? ஊரா? ஆளா? அவன் காட்டியது வான்கள் போன பக்கம் இல்லை. அதற்கு நேர் எதிர்ப் பக்கம். கிராமத்தின் உள்ளே.

அந்தக் கத்தி வயலுக்குப் போகிற கத்தி என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. காலையிலேயே கோபாவில் மூன்று பேர் அதைத் தோளில் வைத்துக்கொண்டு போனதைக் கண்டேன், படம்கூட எடுத்தேன். வான் பக்கத்தில் நின்றால் அது படம். தனியே நின்றால் அது கத்தி.

நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை. றோட்டில் நிற்கிறேன் என்று கையால் காட்டினேன். மார்செலினா என் முழங்கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வெளியே நடந்தேன். அவள் பின்னாலிருந்து கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

றோட்டில் நிற்கத்தான் நினைத்தேன். ஆனால் நிற்க முடியவில்லை. பயந்தவர்களுக்குக் கால்தான் முதலில் முடிவெடுக்கும். வான்கள் போன பக்கம் நடந்தேன். வெள்ளைக் கல் றோட்டு. இரண்டு பக்கமும் காடு. முதலில் வீடுகள் தெரிந்தன, பிறகு வேலிகள், பிறகு மரங்கள் மட்டும். எவ்வளவு தூரத்தில் பெருந்தெரு வரும்? காலையில் கேட்டிருக்கலாம். காலையில் நான் கோபமாக இருந்தேன்.

காட்டுக்குள் ஏதோ பறவைகள் ஒன்றாகக் கத்தின, ஒன்றாக நின்றன. அவை நின்றபோது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வெயில் மரங்களின் பாதிக்கு இறங்கிவிட்டது. அங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று தெரியும். திரும்பலாமா? திரும்பினால் அந்த ஆண்கள். போனால் இருட்டு. நடந்துகொண்டே அழுதேன். அழுதுகொண்டே இவரைத் திட்டினேன். பிறகு, இவருக்கு நெஞ்சு நோ வந்து எங்கேயாவது கொண்டு போயிருப்பார்களோ, அதனால்தான் அவசரமாகப் போனார்களோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதோடு திட்டுகிறதும் நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கிராமத்துப் பக்கமிருந்து ஒரு ஒலிபெருக்கி. முதலில் கரகரப்பு, பிறகு ஒரு பெண் குரல். உரத்து, நீட்டி நீட்டி. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப: "ஹசிந்தா... ஹசிந்தா..."

ஊரில் போர் நடந்த காலத்தில் ஒலிபெருக்கி பூட்டிய இராணுவ வாகனம் ஒழுங்கைக்குள் வந்தால் என்ன அர்த்தம் என்று இதை வாசிக்கிற பலருக்குத் தெரியும். வீட்டில் ஒருவரும் இருக்கக்கூடாது, எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வரவேண்டும். போனோம். வரிசையில் இருந்தோம். என் தம்பி திரும்பி வந்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வரவில்லை. மொன்றியலுக்கு வந்து பதினெட்டு வருடம். கெபெக் சனத்தின் யோன் பெருவிழா ஊர்வலத்தில் மைக் சத்தம் கேட்டாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

இது மெக்சிகோ, இது வேறு என்று மூளை சொன்னது. உடம்பு கேட்கவில்லை. ஊரைக் கூட்டுகிறார்கள், என்னைத் தேடச் சொல்கிறார்கள் என்றே தோன்றியது. ஹசிந்தா என்றால் பிடி என்று அர்த்தமாக இருக்கும். ஓடு என்று இருக்கும். நான் ஓடினேன்.

எவ்வளவு தூரம் என்று தெரியாது. பின்னால் சங்கிலி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. சைக்கிள். றோட்டை விட்டிறங்கிப் பற்றைக்குள் புகுந்து ஒரு மரத்தின் பின்னால் குந்தினேன்.

மரத்தில் கை வைத்த பிறகுதான் பட்டையைப் பார்த்தேன். கறுப்புக் கறுப்பாக வழிந்து காய்ந்த கறை. காலையில் எலியாஸ் ஒரு மரத்தைக் காட்டி, கறுப்புப் பால் வடிகிற மரத்தைத் தொடாதீர்கள், தோல் வெந்துபோகும் என்று சொல்லியிருந்தார். இது அந்த மரமா? கையை எடுத்தேன். எடுத்தால் எதைப் பிடிப்பது? காலில் எறும்பு ஏறியது. கடித்தது. நான் அசையவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என் மூச்சை நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் என்னைக் கடந்து போனது. அவன் மிதித்தான். முன்பெட்டியில் மார்செலினா இருந்தாள், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "ஹசிந்தா..." என்று கூப்பிட்டாள். அவளும் அதே சொல்.

கொஞ்சத் தூரம் போய்ச் சைக்கிள் நின்றது. இருவரும் ஏதோ கதைத்தார்கள். பிறகு அவள் மட்டும் இறங்கி, றப்பர்ச் செருப்புத் தட்டத் தட்டத் திரும்பி நடந்து வந்தாள். நேரே என் மரத்துக்கு முன்னால் நின்றாள்.

எப்படிக் கண்டுபிடித்தாள்? பச்சைக் காட்டுக்குள் வெள்ளைச் சட்டை, அதுவும் கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பூ. அவள் தைத்த பூ. ஒளிப்பதற்கு அதைவிட மோசமான உடுப்பு உலகத்தில் இல்லை.

அவள் கிட்ட வரவில்லை. றோட்டோரத்தில் குந்தினாள். கார்டெரியில் மேசைக்குக் கீழே ஒளித்துக்கொள்கிற புதுப் பிள்ளையிடம் நாங்கள் எப்படிக் குந்துவோமோ, அப்படி. இழுக்கக்கூடாது, கிட்டப் போகக்கூடாது, உயரத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். அது எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் மேசைக்குக் கீழே இருந்து நான் அதைப் பார்த்ததில்லை.

கையை மடக்கிக் காதில் வைத்தாள்.

"தெலேஃபோனோ," என்றாள். மெல்ல. "மரிதோ. தெலேஃபோனோ." பிறகு என்னை நோக்கி விரலை நீட்டினாள். "ஹசிந்தா."

மரிதோ... பிரெஞ்சில் மாரி என்றால் புருஷன். தெலேஃபோனோவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். புருஷன், ரெலிபோன், ஹசிந்தா. 'ஹ'வை எடுத்துவிட்டு 'ஜ'வைப் போட்டுப் பார்த்தேன்.

ஊர் முழுக்கக் கேட்க என் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் என் பெயருக்குப் பயந்து ஓடியிருக்கிறேன்.

எழும்ப முயன்றேன், கால் விறைத்திருந்தது. அவள் வந்து தூக்கினாள். காலில் இருந்த எறும்புகளைத் தட்டிவிட்டாள். மரத்தைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டிச் சிரித்தாள். அது அந்த மரம் இல்லையாம்.

பெட்டிக்குள் நாங்கள் இருவரும் நெருக்கிக்கொண்டு இருக்க, அவன் மிதித்தான். வேர்த்து ஒழுகியது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கிராமத்தின் நடுவில் ஒரு பலசரக்குக் கடை. கூரைக்கு மேலே தடியில் கட்டிய ஒலிபெருக்கி. உள்ளே சவர்க்காரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மரக் கூடு, கூட்டுக்குள் ரெலிபோன். ஊருக்கே ஒரு ரெலிபோன்தான். யாருக்கு அழைப்பு வந்தாலும் கடைக்காரப் பெண் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். அந்தக் கூட்டுக்குப் பெயர்தான் கசேத்தா. முதலே அவன் என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பார்த்த இடம்.

ஐந்து நிமிடத்தில் திரும்பவும் மணி அடித்தது. வாசலில் பத்துப் பதினைந்து பேர். கடைக்காரப் பெண் றிசீவரை என் கையில் தந்தாள்.

"ஜசி?"

"ஓம்."

மூச்சு மட்டும் கேட்டது.

"நெஞ்சு நோகுதோ?" என்றேன்.

"இல்லை... கொஞ்சம் பொறும். ஒண்டும் கதையாதையும். ஓம் எண்டு மட்டும் இன்னொருக்காச் சொல்லும்."

"ஓம்."

"வாறன்," என்றார். "அந்த இடத்தை விட்டு அசையாதையும். நான் வாறன்."

வான் வர முக்கால் மணித்தியாலம் பிடித்தது. கதவு திறக்க முதலே இவர் காலை வெளியே வைத்துவிட்டார். இருபத்தைந்து வருடத்தில் மற்றவர்கள் முன்னால் என் கையைப் பிடித்த மனிதர் இல்லை. வந்து இரண்டு கையையும் பிடித்தார், விடவில்லை.

நான் எலியாஸிடம் ஒன்று கேட்டேன். "மார்செலினாவிடம் சொல்லுங்கள், நான் அவளுக்குப் பயந்து ஒளித்துவிட்டேன். மன்னிக்கச் சொல்லுங்கள்."

எலியாஸ் தங்கள் மொழியில் சொன்னார். அவள் என்னைப் பார்த்தபடியே மறுமொழி சொன்னாள்.

"தானும் பயந்துவிட்டாளாம்," என்றார் எலியாஸ். "தன் வீட்டில் வைத்து ஒரு விருந்தாளி தொலைந்தால், இனி ஒரு வானும் இந்தக் கிராமத்துக்கு வராது என்று பயந்தாளாம். நீங்கள் போகப் போகத் தனக்குக் கை கால் ஓடவில்லையாம்."

நான் அவளை எவ்வளவு நேரம் பார்த்திருப்பேன்? அந்தப் பின்னேரம் முழுக்கப் பயந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வானில் எங்கள் பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்கள் காலையில் சிரித்தவர்கள்தான். ஒரு அம்மா தண்ணீர்ப் போத்தலை நீட்டினா. கொஞ்சத் தூரம் போன பிறகு இவர் யன்னலைப் பார்த்தபடி கதைத்தார்.

"குளிக்கிற இடத்திலை இறங்கின பிறகுதான் தேடினனான். நீர் உடுப்பு மாத்தப் போயிருப்பீர் எண்டு நினைச்சன்."

அந்த இடத்தை நான் காணவில்லை. நிலம் இடிந்து விழுந்த பெரிய கிடங்கு, கிணறு மாதிரியாம். அடியில் தண்ணீராம்.

"பிரெஞ்சு வான் பெட்டை சொன்னாள், நீர் தன்ரை வானிலை வரேல்லை எண்டு. எனக்குக் கிராமம் ஞாபகம் வரேல்லை ஜசி. அந்தக் கிடங்கு விளிம்பிலை போய் நிண்டு தண்ணியைப் பாத்தன். கறுப்பாய்க் கிடந்தது. உமக்கு நீந்தத் தெரியாது. பத்து நிமிசம் அதையே பாத்துக்கொண்டு நிண்டன். எலியாஸ்தான் வந்து தோளிலை தட்டி, கிராமத்துக்குப் போன் எடுப்பம் எண்டவர். அங்கை போன் இல்லை. ரவுணுக்கு ஓடவேண்டி இருந்தது."

நான் தண்ணீர்ப் போத்தலை இவர் கையில் கொடுத்தேன்.

"கோவத்திலை எங்கையோ போயிட்டீர் எண்டு நினைச்சன்," என்றார். பிறகு: "மேலை ஏறேக்கை பாதியிலை எனக்குப் பயம் வந்தது. இறங்க வெட்கமாய் இருந்தது. அதுதான் ஏறினனான்."

றீற்றா அக்கா, இதுதான் எங்கள் மெக்சிகோ. 'ஒரு பயமும் இல்லை' என்று இவர் சொன்னதை நம்பாதேங்கோ. அந்த நாளில் பயப்படாத ஆள் ஒருவரும் இல்லை. நான் பயந்தேன், இவர் பயந்தார், மார்செலினா பயந்தாள். ஆளுக்கு ஆள் அதை வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்திருந்தோம், அவ்வளவுதான். ஒருவர் பகிடிக்குள், ஒருவர் மரத்துக்குப் பின்னால்...

திருந்திவிட்டோமா என்று கேட்கிறீர்களா? முந்தநாள்கூடச் சண்டைதான். பனி தள்ளுகிற வேலையில் தொடங்கி, இவருடைய தங்கையின் கலியாணத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதில் போய் முடிந்தது. நான் குசினிக்குள் போனேன். இரண்டு நிமிடத்தில் இவரும் உள்ளே வந்து ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மிச்சத்தையும் அங்கேயே சண்டை பிடித்தார்.

ஆகவே வாசகர்களே, கோபம் வந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள் — ஆனால் ஒரே வானில் ஏறி, பக்கத்தில் இருந்து கோபப்படுங்கள்.